சீலியாக் ரத்தப் பரிசோதனை: லேபுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்களுக்குச் சொந்த ஊர் கரூர், இப்போது இருப்பது குருகிராம். மகளுக்கு ஆறு வயது நடக்கும்போது ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவே மாட்டேன் என்றது. இரும்புச்சத்து சிரப் மூன்று பாட்டில் காலியானது. வயிறு உப்பல், அடிக்கடி பேதி, வகுப்பிலேயே குள்ளமான பிள்ளை. வடக்கில் இந்த அறிகுறிகளைச் சொன்னால் டாக்டர்கள் சீக்கிரமே சீலியாக்கா என்று யோசிப்பார்கள், கோதுமையில் இருக்கும் குளூட்டனுக்கு எதிராக உடம்பே கிளம்பி, சிறுகுடலின் குடலுறிஞ்சிகளை அரித்துவிடுகிற நோய். எங்கள் டாக்டரும் யோசித்தார், ரத்தப் பரிசோதனை எழுதினார். நெகட்டிவ் வந்தது. அதை நம்பி ஒரு வருடத்தை வீணடித்தோம். இரண்டாவது முறை சோதித்தபோது அதே பிள்ளைக்கு பாசிட்டிவ். போதாததற்கு, குடும்பத்தில் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியதில் எனக்கும் பாசிட்டிவ் வந்தது, ஆனால் எனக்கு அந்த நோய் இல்லை.

ஆக, நோய் இருப்பவளுக்கு இல்லை என்றும் இல்லாதவனுக்கு இருக்கிறது என்றும் ஒரே வீட்டில் இரண்டு விதமாகவும் ஏமாந்துவிட்டோம். இத்தனைக்கும் பரிசோதனை மோசமானதல்ல, நல்ல பரிசோதனைதான். எந்த நிலையில் ரத்தம் கொடுக்கிறோம், எந்தெந்தச் சோதனையைச் சேர்த்துக் கேட்கிறோம், வந்த எண்ணை எப்படிப் படிக்கிறோம், இந்த மூன்றிலும் கோட்டை விட்டது நாங்கள். நான் டாக்டர் இல்லை. சிகிச்சை முடிவை உங்கள் குடல் நோய் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

1. முதல் வேலை: கோதுமையை நிறுத்தாதீர்கள்

இதை மட்டும் படித்துவிட்டு மூடினாலும் பரவாயில்லை.

இந்தப் பரிசோதனை நோயை நேரடியாகப் பார்ப்பதில்லை. குளூட்டன் உள்ளே போவதால் உடம்பு தயாரிக்கிற எதிர்ப்பொருளைத்தான், அதாவது டாக்டர்கள் ஆன்டிபாடி என்று சொல்வதைத்தான், அது அளக்கிறது. கோதுமை போவது நின்றால் எதிர்ப்பொருளும் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வடிந்துவிடும். நோய் அங்கேயே இருக்கும், ரிப்போர்ட் மட்டும் சுத்தமாக வரும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். ஏப்ரலில் மகளை ஊருக்கு அனுப்பினோம். அங்கே இட்லி, தோசை, சோறு, ரசம். இரண்டே மாதத்தில் கன்னம் உப்பி வந்தாள். "கோதுமை அவளுக்குச் சேரல கண்ணு, அதைக் குடுக்காதே" என்று அம்மா சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் அதைக் கேட்டு நாங்களும் இங்கே சோறே போட்டு, ஆகஸ்டில் கொண்டுபோய் ரத்தம் கொடுத்தோம். நாலு மாதம் கோதுமையே தொடாத பிள்ளைக்கு நெகட்டிவ் வந்ததில் ஆச்சரியம் என்ன? என்ன சாப்பிடுகிறாள் என்று அந்த கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால், டாக்டரின் மேற்பார்வையில் மறுபடி சாப்பிட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும். பிரிட்டனில் சொல்லும் கணக்கு, தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு, குறைந்தது 6 வாரம். கிராம் கணக்கில் சொல்பவர்கள் நாளுக்கு 3 கிராம் குளூட்டனில் தொடங்கி, தாங்க முடிந்தால் 10 கிராம் வரை போகலாம் என்கிறார்கள். 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் தோராயமாக இரண்டரை முதல் மூன்று கிராம் குளூட்டன் இருக்கும், ஆகவே பெரியவர்களுக்கு மூன்று நான்கு சப்பாத்தி போதும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும், பருவமடைந்து வேகமாக வளர்கிற வயதில் இருப்பவர்களுக்கும் இப்படித் திரும்பச் சாப்பிடவைப்பதைத் தவிர்க்கவே சொல்வார்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. "நாங்க எதையும் நிறுத்தலையே, எப்பவும்போலத்தான் சாப்பிடுறோம்" என்பீர்கள். அந்த "எப்பவும்போல" என்பது வாரத்தில் ஒரு நாள் சப்பாத்தி, எப்போதாவது ரவா உப்புமா, மாலையில் இரண்டு பிஸ்கட் என்றால் பரிசோதனைக்கு அது போதாமல் போகலாம். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு மாதம் என்னென்ன கோதுமை எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ரவை, சேமியா, மைதா, பரோட்டா, பிரெட், பார்லி மால்ட் கலந்த சத்துமாவு பானங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

2. சீட்டில் எந்தப் பெயர்கள் இருக்க வேண்டும்

"சீலியாக் டெஸ்ட்" என்று மொட்டையாக எழுதிக்கொண்டு லேபுக்குப் போனால் அங்கே எதைச் செய்வார்கள் என்பது அவர்களிடம் இருக்கிற பேக்கேஜைப் பொறுத்தது. ஆகவே பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது டிடிஜி-ஐஜிஏ (tTG-IgA), உடம்பு தன் சொந்தப் புரதம் ஒன்றுக்கே எதிராகத் தயாரிக்கும் எதிர்ப்பொருளை அளப்பது. பெரியவர், குழந்தை எல்லோருக்கும் முதல் பரிசோதனை இதுதான். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நோயாளிகள் நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களை இது பிடித்துவிடும். தொண்ணூறுக்கு மேல் என்றால் நூறு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

அதோடு சேர்த்து டோட்டல் ஐஜிஏ. இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், எங்கள் முதல் சீட்டிலும் இல்லை. ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. சிலருக்குப் பிறவியிலேயே அந்த வகை உடம்பில் உற்பத்தி ஆகாது. கிணற்றில் தண்ணீரே இல்லாதபோது வாளியை எத்தனை முறை விட்டாலும் காலியாகத்தான் வரும், அதுபோல இவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ எப்போது பார்த்தாலும் நெகட்டிவ்தான். பொதுவாக அபூர்வம் என்றாலும் சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்தக் குறை உண்டு. டோட்டல் ஐஜிஏ மிகக் குறைவாக இருந்தால் எதிர்ப்பொருளின் இன்னொரு வகையான ஐஜிஜியை அளக்கும் பரிசோதனைக்கு மாற வேண்டும், டிஜிபி-ஐஜிஜி (DGP-IgG) அல்லது டிடிஜி-ஐஜிஜி (tTG-IgG).

ஈஎம்ஏ (EMA) என்ற இன்னொரு எதிர்ப்பொருள் சோதனை இரண்டாவது கட்டம். எண்டோமைசியல் என்று முழுப்பெயர் எழுதியிருப்பார்கள். நுண்ணோக்கியில் ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்துச் சொல்வது, அதனால் விலை அதிகம், பார்ப்பவரின் அனுபவத்தையும் பொறுத்தது. ஆனால் இது பாசிட்டிவ் என்றால் பொய்யாக இருப்பது மிக அரிது. டிடிஜி லேசாக எகிறி நிற்கும்போது அது நிஜமா என்று பார்க்க இதுதான் உதவும்.

இனி வேண்டாதவை. பழைய ஆன்டி கிளையடின் பரிசோதனை இன்னும் சில லேப் பேக்கேஜ்களில் இருக்கிறது. இதை நோய் கண்டுபிடிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று கைவிட்டு ரொம்ப நாளாகிறது, நோய் இல்லாதவர்களுக்கும் சர்வசாதாரணமாக பாசிட்டிவ் காட்டும். குழப்பம் என்னவென்றால் மேலே சொன்ன டிஜிபியும் கிளையடின் குடும்பம்தான், பெயருக்கு முன்னால் "டீஅமிடேட்டட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதியது, இல்லாவிட்டால் பழையது. அப்புறம் கோதுமை ஐஜிஈ என்று ஒன்று உண்டு, அது அலர்ஜிக்கு, சீலியாக்குக்கு அல்ல. "200 உணவுகளுக்கு ஒவ்வாமைப் பட்டியல்" என்று ஐஜிஜி வைத்து விற்கும் பேக்கேஜுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு நாங்கள் கொடுத்த பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, அதில் பாலும் முட்டையும் கத்தரிக்காயும் கூடாது என்று வந்திருந்தது!

3. ரத்தம் கொடுக்கும் நாள்

வெறும் வயிறு தேவையில்லை. கூடவே சர்க்கரை போன்ற வேறு சோதனை இருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மில்லி ரத்தம், ஒரே குத்தலில் எல்லாவற்றுக்கும் எடுத்துவிடலாம். குழந்தை என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி எல்லாவற்றையும் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், மறுபடி மறுபடி குத்த வேண்டாம்.

ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வேறு மருந்தோ சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், எதிர்ப்பொருளை அவை குறைத்துக் காட்டலாம்.

டிடிஜியும் டோட்டல் ஐஜிஏவும் எங்களுக்கு இரண்டு நாளில் வந்தன. ஈஎம்ஏ ஒரு வாரம் இழுத்தது.

4. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு உறையில் போடாதீர்கள். எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் போட்டிருக்கும் நார்மலின் உச்ச எல்லையைப் பாருங்கள். எண்ணை எல்லையால் வகுங்கள். அவ்வளவுதான் கணக்கு.

ஏன் வகுக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு லேபின் கிட்டும் வேறு. ஒரு இடத்தில் 20-க்குக் கீழ் நார்மல், இன்னொரு இடத்தில் 10-க்குக் கீழ். ஒரு லேபில் 40, இன்னொரு லேபில் 25 என்று வந்தால் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியாது. முதலாவது எல்லையைப்போல் இரண்டு மடங்கு, இரண்டாவது இரண்டரை மடங்கு, அவ்வளவுதான். மகளுக்கு இரண்டாவது முறை 128 வந்தது, எல்லை 20, ஆறு மடங்குக்கு மேல். எனக்கு அதே லேபில் 27, ஒன்றரை மடங்குகூட இல்லை. இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே தடித்த எழுத்தில் "பாசிட்டிவ்" என்றுதான் அச்சடித்திருந்தார்கள்.

மடங்கு கூடக் கூட நோய் இருப்பது உறுதி. பத்து மடங்கைத் தாண்டினால் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு. ஒன்றிலிருந்து மூன்று மடங்குக்குள் ஊசலாடும் எண்கள்தான் தொல்லை. டைப் 1 சர்க்கரை, கல்லீரலைத் தாக்கும் தன்னுடல் எதிர்ப்பு நோய்கள், சில தொற்றுகள், இவற்றிலெல்லாம் டிடிஜி லேசாக ஏறி நிற்கலாம், காரணமே தெரியாமலும் ஏறலாம்.

இதில் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது, தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். இந்தியாவில் மூன்று பகுதிகளில் பெரியவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. பயாப்சி வரை, அதாவது குடலில் சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது வரை, போய் உறுதியானது வடக்கில் ஆயிரத்துக்கு எட்டரைப் பேர், தெற்கில் ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒருவர். சராசரியாக ஒருவர் சாப்பிடும் கோதுமை வடக்கில் நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். இப்போது ஒரு மனக்கணக்கு போடுவோம். நோய் இல்லாத நூறு பேரில் ஒருவருக்கு இந்தப் பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே நல்ல பரிசோதனைதான். வடக்கில் அறிகுறி பார்க்காமல் பத்தாயிரம் பேரைச் சோதித்தால் நிஜ நோயாளிகள் 85 பேர், தவறாக மாட்டுபவர்கள் கிட்டத்தட்ட 100 பேர். தெற்கில் அதே பத்தாயிரத்தில் நிஜம் ஒருவர், தவறாக மாட்டுபவர்கள் அதே 100 பேர். கிட் மாறவில்லை, லேப் மாறவில்லை, ஊர்தான் மாறியது.

ஆகவே மதுரையிலோ சேலத்திலோ "முழு உடல் பரிசோதனை" பேக்கேஜில் சும்மா சேர்த்துச் செய்த டிடிஜி லேசாக பாசிட்டிவ் வந்தால், அன்றைக்கே கோதுமைக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டாம். அதே சமயம் ரத்தசோகை, பேதி, எடைக்குறைவு என்று அறிகுறிகளோடு சோதித்தவருக்கோ, நெருங்கிய ரத்த உறவில் நோய் இருப்பவருக்கோ இந்த மனக்கணக்கு பொருந்தாது, அவர்கள் லேசான எண்ணையும் துரத்திப் பார்க்கத்தான் வேண்டும். "நம்ம ஊர்ல இந்த நோயெல்லாம் கிடையாதுங்க" என்று ஒரு டாக்டர் தட்டிக்கழித்தால் இன்னொருவரைப் பாருங்கள். அபூர்வம் என்பது வேறு, கிடையாது என்பது வேறு.

5. நெகட்டிவ் வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால்

வரிசையாகக் கேளுங்கள். போதுமான கோதுமை போனதா? டோட்டல் ஐஜிஏ பார்த்தார்களா, நார்மலா? ஸ்டீராய்டு ஏதாவது ஓடுகிறதா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தும் அறிகுறி பலமாக இருந்தால் டாக்டர் நேராக எண்டோஸ்கோப்பிக்கே, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பதற்கே, அனுப்பலாம். எதிர்ப்பொருள் இல்லாமலே குடல் அரிக்கப்பட்ட நோயாளிகள் கொஞ்சம் பேர் உண்டு.

இன்னொரு வழி எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணுச் சோதனை. இது எதிர்ப்பொருள் அல்ல, ஆகவே கோதுமை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முடிவு மாறாது. வருடக் கணக்கில் கோதுமையை விட்டவர்கள், திரும்பச் சாப்பிடவே பயப்படுபவர்கள், இவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இதை ஒரே பக்கமாகத்தான் படிக்க வேண்டும். இரண்டுமே இல்லை என்றால் சீலியாக் ஏறத்தாழ இல்லவே இல்லை. இருக்கிறது என்றால் அதற்குப் பெரிதாக அர்த்தம் எதுவும் இல்லை, நோயே இல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மரபணுவோடு நிம்மதியாக பூரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாசிட்டிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ஜீன்லயே இருக்காம்" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். எந்த லேபும் இதைத் திரும்பச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

6. எண்டோஸ்கோப்பி யாருக்கு, அங்கே என்ன கேட்க வேண்டும்

குழந்தைகளுக்கு ஐரோப்பிய குழந்தை குடல்நோய் மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, டிடிஜி-ஐஜிஏ எல்லையைப்போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏவும் பாசிட்டிவ் என்றால் பயாப்சி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். பெற்றோரிடமும் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. உங்கள் டாக்டர் இதை ஏற்பவரா என்று கேளுங்கள். மகளுக்கு ஆறு மடங்குதான், ஆகவே எண்டோஸ்கோப்பி தவிர்க்க முடியவில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலான டாக்டர்கள் இன்னும் பயாப்சி கேட்கிறார்கள்.

இங்கே இருக்கும் பெரிய பொறி: ரத்தம் பாசிட்டிவ் வந்த சந்தோஷத்திலோ பயத்திலோ, எண்டோஸ்கோப்பி தேதிக்குக் காத்திருக்கும் மூன்று வாரத்தில் கோதுமையை நிறுத்திவிடுவது. நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கி, பயாப்சி குழப்பமாக வரும். எண்டோஸ்கோப்பிக்கு முந்தைய நாள் வரை சாப்பிடத்தான் வேண்டும். மகளுக்கு வயிறு வலிக்கும் என்று தெரிந்தே தினம் சப்பாத்தி ஊட்டிய அந்த மூன்று வாரத்தைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை.

எத்தனை துண்டு எடுப்பார்கள் என்று முன்பே கேளுங்கள். அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். அதனால் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது நான்கு, அதற்கு முன்னால் உள்ள குமிழ்ப் பகுதியில் ஒன்றிரண்டு எடுக்க வேண்டும். இரண்டே துண்டு எடுத்துவிட்டு நார்மல் என்று சொன்னால் அது அரைகுறைப் பதில்.

ரிப்போர்ட்டில் மார்ஷ் என்று ஒரு தரம் போடுவார்கள். 3ஏ, 3பி, 3சி என்றால் குடலுறிஞ்சிகள் மழுங்கியிருக்கின்றன என்று பொருள், ஏ-யிலிருந்து சி-க்குப் போகப் போக அதிகம். மார்ஷ் 1 என்றால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, வேறு பல காரணங்களாலும் வரும். நம் நாட்டில் மார்ஷ் 3-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஜியார்டியா கிருமி, வெப்ப நாடுகளில் வரும் டிராபிக்கல் ஸ்ப்ரூ என்ற குடல் நோய், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற ஒல்மெசார்டன் மாத்திரைகூட குடலை இப்படிச் செய்யலாம். ரத்தமும் பயாப்சியும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் முறை. மகளுக்கு மார்ஷ் 3பி வந்தது, டிடிஜியோடு பொருந்தியது, முடிந்தது.

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதை மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள், வரவேற்பில் இருப்பவர் சொல்வதை நம்பி நாங்கள் ஒரு நாள் திரும்பி வந்தோம். காலை எட்டரைக்குள் முதல் ஆளாக நேரம் கேளுங்கள், பசியோடு இருக்கும் பிள்ளையைப் பத்து மணிக்கு மேல் சமாளிக்க முடியாது.

7. செலவும் காகிதங்களும்

நாங்கள் குருகிராமில் தனியார் இடங்களில் கொடுத்ததைச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். டிடிஜி-ஐஜிஏ 1,300 ரூபாய், டோட்டல் ஐஜிஏ 700, ஈஎம்ஏ 2,200, எச்எல்ஏ 7,000, மயக்க மருந்தோடு எண்டோஸ்கோப்பியும் பயாப்சியும் சேர்த்து 22,000. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதில் சிறு பங்குதான் ஆகும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே லேபுக்கு இரண்டு மூன்று கிளைகளில் வேறு வேறு விலை இருந்ததையும் பார்த்தேன், வீட்டிலிருந்தே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள். நோய் கண்டறிவதற்காக மட்டும் மருத்துவமனையில் சேர்வதை நம் நாட்டு பாலிசிகள் பொதுவாக விலக்கி வைத்திருக்கின்றன. ஒரு நாள் சேர்த்து எண்டோஸ்கோப்பி செய்தால் கிளெய்ம் ஆகிவிடும் என்று மருத்துவமனை மேசையில் வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். முன் அனுமதி எழுத்தில் வந்தால்தான் உண்டு.

ஒரு ஃபைல் போடுங்கள். அதில் பழைய ரத்த ரிப்போர்ட்கள் தேதி வரிசையில், குழந்தை என்றால் உயரம் எடை எழுதிய அட்டை, ஓடுகிற மருந்துகளின் பட்டியல், நான் சொன்ன கோதுமைத் தாள், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு, டைப் 1 சர்க்கரை இருந்தால் அந்த விவரம். பயாப்சி முடிந்ததும் ஸ்லைடையும் குடல் துண்டு பதித்த மெழுகுக் கட்டியையும் கேளுங்கள், பிளாக் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்கப் போனால் ரிப்போர்ட் தாளைவிட அதுதான் முக்கியம், மறுபடி ஒரு எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்கலாம்.

8. உறுதியான பிறகும் இந்த ரத்தப் பரிசோதனை உங்களை விடாது

இப்போதுதான் கோதுமையை நிறுத்த வேண்டும், வாழ்நாள் முழுக்க, பார்லியும் சேர்த்து. சாப்பாட்டைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். ஒன்று மட்டும்: நம் சாம்பார், ரசத்தில் விழும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியாவில் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, அந்த வார்த்தை இருக்கும் பொருளைத் தேடுங்கள்.

நிறுத்தி ஆறு மாதத்தில் ஒரு டிடிஜி, ஒரு வருடத்தில் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. கட்டாயம் அதே லேப். எண் மெதுவாகத்தான் இறங்கும், உயரத்தில் தொடங்கியவர்களுக்கு ஒரு வருடம் தாண்டியும் எல்லைக்கு மேலேயே நிற்கலாம், இறங்குமுகமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மகளுக்கு 128, ஆறு மாதத்தில் 61, வருட முடிவில் 24. நார்மலைத் தொட்டாலும் குடல் முழுக்க ஆறிவிட்டது என்று அது சான்றிதழ் தராது, எப்போதாவது தின்ற ஒரு பிஸ்கட்டையும் காட்டிக்கொடுக்காது. இறங்கிய எண் மறுபடி ஏறினால் மட்டும் எங்கோ கோதுமை நுழைகிறது என்று வீட்டைத் துழாவுங்கள். எங்கள் வீட்டில் நான் துழாவியபோது மாட்டியது பள்ளியில் பக்கத்து இருக்கைத் தோழியின் டிபன் பாக்ஸ்.

அப்புறம் குடும்பம். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும், இவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு நோய் இருக்கும். என்னுடைய 27 அப்படி வந்ததுதான். வேறெந்தத் தொல்லையும் இல்லை, ஆனாலும் மகளுக்கு இருப்பதால் தள்ளிவிட முடியாது. ஈஎம்ஏ பார்த்தார்கள், நெகட்டிவ். மரபணு பார்த்தார்கள், டிக்யூ2-வும் இல்லை, டிக்யூ8-உம் இல்லை. அந்த 27 ஒரு பொய் எண், கோப்பை மூடுங்கள் என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்து மனசு கேட்காமல் நானே போய்ப் பார்த்தேன், 16. என் மனைவிக்கு முதலிலிருந்தே நார்மல், மகளுக்கு அந்த மரபணு அவள் பக்கமிருந்துதான் வந்திருக்க வேண்டும், இதை அவளிடம் நான் சொல்லவில்லை, டாக்டர் சொன்னார்.

சின்னவனுக்கு மூன்று வயது. டிடிஜி நார்மல், டோட்டல் ஐஜிஏவும் நார்மல். இந்த நோய் எந்த வயதிலும் தலைதூக்கலாம் என்பதால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அவனுக்குத் திரும்பப் பார்க்க வேண்டும், நடுவில் எடை நின்றாலோ ரத்தம் குறைந்தாலோ உடனே. அந்தச் சோதனை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக அவன் மட்டும் தினமும் சப்பாத்தி சாப்பிடுகிறான், தனிக் கல், தனிக் குழவி, தனி டப்பா, அக்கா பள்ளிக்குப் போன பிறகு.